வரிகளைத் தட்டச்சு செய்து தாருங்கள்

ராப் பாட்டைப் பற்றித் தமிழ் இலக்கிய வட்டாரத்தில் இரண்டு கருத்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. அது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கூச்சல் என்பது ஒன்று. அது நம்மிடம் எப்போதோ இருந்தது, அருணகிரிநாதரே முதல் ராப் பாடகர் என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் தம் தோளைத் தாமே தட்டிக்கொள்கிறார்கள். இரு சாராரையும் கருத்தரங்குகளில் அருகிருந்து பார்த்துவருபவர்கள் நாங்கள். ஒரு ராப் தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்ட ஒருவரையேனும் இவர்களிடையே இன்னும் சந்திக்கவில்லை.

கோவையில் தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு இது வெறும் ரசனைச் சண்டையாக இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர் ஒருவர், 2006இல் மலேசியாவிலிருந்து வந்த ‘வல்லவன்’ என்னும் ராப் தொகுப்பின் ஒலியமைப்பை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு குழுவின் முன் வந்தார். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். குழு மறுக்கவில்லை, மறுத்திருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். “பாடல் வரிகளைத் தட்டச்சு செய்து தாருங்கள், தலைப்பை ‘ராப் பாடல்களில் எதுகை மோனை நயம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்” என்றது. ஒலிப்பதிவை இணைக்கலாமா என்று கேட்டதற்கு, அதற்கு விதியில்லை என்று பதில் வந்தது. மாணவர் தலைப்பையே கைவிட்டு, அச்சில் கிடைத்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பட்டம் பெற்றார். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். எங்கள் சண்டை அந்தக் குழுவின் ஒற்றை வாக்கியத்தோடு.

வரிகளைத் தட்டச்சு செய்தால் ‘வல்லவன்’ தொகுப்பில் என்ன மிஞ்சும்? அதைச் செய்த யோகி பி, 1990களில் பொயட்டிக் அம்மோ என்ற மலேசியக் குழுவில் இருந்து, ஆங்கிலம், மலாய், தமிழ் என்று பல மொழிகளில் ராப் பாடியவர். பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரோடு நட்சத்திரா என்ற பெயரில் சேர்ந்து, தமிழையே முதன்மை மொழியாகக் கொண்டு இத்தொகுப்பை வெளியிட்டார். இவர்கள் பின்னால் இருந்த சமூகத்தின் கதை நமக்குத் தெரியாததன்று. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பால் மரம் வெட்டக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர், ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் கைமாறியபோது, தோட்டப்புறத்தை விட்டு நகரத்து ஓரங்களில் இருந்த அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ச் சினிமாப் பாட்டு இருந்தது.

ஆகவேதான் தொகுப்பின் புகழ்பெற்ற பாட்டு, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டின் பல்லவியைத் தன் நடுத்தூணாக நட்டுக்கொண்டது. படத்தில் அது வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவு. 26 ஆண்டுகளுக்குப் பின், கடலுக்கு அப்பால், அதே பல்லவி திரும்பத் திரும்ப வர, இடையில் எடையால் வேறுபட்ட மூன்று குரல்கள் தாழ்ந்த, தடித்த தாளத்தின் மேல் நடந்துபோகின்றன. பழைய குரல் பறக்கிறது. புதிய குரல்கள் தரையில் ஊன்றி நிற்கின்றன. அந்த உயர வேறுபாட்டில்தான் பாட்டின் பொருள் இருக்கிறது. கனவு கண்டவன் ஒருவன், அதைக் கடன் வாங்கியாவது நனவாக்கத் துணிந்தவர்கள் வேறு சிலர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழியைத் தொகுப்பின் பெயர் நினைவூட்டுவது தற்செயலோ என்னவோ, இங்கே புல் என்பது ஒரு பழைய சினிமாப் பாட்டு. முன்னோர் வாக்கை எடுத்தாண்டு புதுப்பொருள் ஏற்றுவதைக் காவியத்தில் கண்டால் ‘பயில்வு’ என்றும் ‘மரபுத் தொடர்ச்சி’ என்றும் கட்டுரை எழுதுகிறோம். ஒலியில் கண்டால் ‘திருட்டு ரீமிக்ஸ்’ என்கிறோம். தட்டச்சு செய்த தாளிலோ அந்த உயர வேறுபாடு இருக்கவே இருக்காது. பல்லவியும் சரணமும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் படுத்திருக்கும்.

இங்கே தொல்காப்பியரை அழைக்காமல் முடியாது. (அருணகிரிநாதரை அழைப்பவர்களுக்கு மட்டும்தான் உரிமையா?) கருப்பொருள்களின் பட்டியலை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறோம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். எட்டில் இரண்டு இசைக்கருவிகள். ஒரு நிலம் எப்படி ஒலிக்கிறது என்பது அந்த நிலத்தின் இலக்கணத்திலேயே சேர்ந்தது என்று தொல்காப்பியருக்குத் தெரிந்திருந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள், பறையும் யாழும் கருப்பொருள், அவற்றின் நடுவே ஒரு மனநிலை உரிப்பொருள். இதைவிடப் பொருத்தமாக ஒரு ராப் தொகுப்பை விளக்கும் கோட்பாட்டை மேலைநாட்டு இதழ்களிலும் நாங்கள் படித்ததில்லை. ஆனால் தேர்வில் ‘கருப்பொருள் யாவை’ என்று கேட்டு எட்டு மதிப்பெண் தருவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

பயிற்சிக்காக ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். 1994இல் நாஸ் என்ற இருபது வயது இளைஞர் வெளியிட்ட ‘இல்மேட்டிக்’. மொத்தம் பத்துத் தடங்கள், ஏறத்தாழ நாற்பது நிமிடம். பெரிய நிறுவனம் ஒன்று வெளியிட்டது என்றாலும் அதன் காது முழுக்கத் தெருவில் இருந்தது. பின்னால் வந்த தலைமறைவு ராப் கலைஞர்கள் பலரும் அளவுகோலாகக் கொண்டது அதைத்தான். நிலம்: நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பு. பொழுது: பெரும்பாலும் இரவு. தொகுப்பு பாட்டோடு தொடங்குவதில்லை. ரயிலின் இரைச்சலோடு தொடங்குகிறது. அடுத்து, ஒரு ஜாஸ் பியானோவின் இரண்டு மூன்று சுரங்கள், எங்கோ கீழ்த்தளத்தில் யாரோ விடாமல் கதவைத் தட்டுவதுபோல, பாட்டு முழுதும் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்சம் என்ற சொல்லை அவர் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அந்தப் பியானோ அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பாட்டின் முடிவில் ஒரு கார்னெட் ஒலிக்கும். ஊதுபவர் நாஸின் தந்தை, ஜாஸ் கலைஞர் ஓலு டாரா. வாழ்க்கையை வெறுத்துப் பேசும் மகனின் பாட்டு ஓய்கிற இடத்தில் தந்தை வருகிறார், ஒரு சொல்லும் இல்லாமல். அந்த இடத்தைத் தட்டச்சு செய்து தரச் சொன்னால் என்ன தருவது?

அந்தக் காலத்துத் தொகுப்புகளின் மங்கிய, சொரசொரப்பான ஒலிக்குக் கருவியும் ஒரு காரணம். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளர்க் கருவியின் நினைவகம் பத்து நொடி அளவுக்குத்தான் ஒலியைக் கொள்ளும். ஆகவே பழைய இசைத்தட்டை வேகமாகச் சுழற்றிப் பதிந்து, பிறகு மெதுவாக்கி இசைத்தார்கள். ஒலி உதிர்ந்து மணல்போல ஆனது. அந்த மணல்தான் பிறகு அழகாயிற்று. ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதிய சுவடி மரபில் வந்த நமக்கு, கருவியின் குறை கலையின் குணமாவது புதிதாகவா இருக்கும்?

இனி, அருணகிரிநாதர். திருப்புகழின் சந்தத்தைக் குறைத்துப் பேச எங்களுக்கு நாக்கு வராது. ஆனால் சந்தப் பாட்டில் ‘தனதன’ என்ற குழிப்பு முன்பே வெட்டப்பட்ட வாய்க்கால்; சொல் அதில் சிந்தாமல் ஓடுவதே வித்தை. சொல்லும் தாளமும் அங்கே ஒன்று. ராப் பாட்டில் தாளம் ஒருபுறம் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். குரல் அதற்குச் சற்று முந்தும், சற்றுப் பிந்தும், தட்டு விழும் இடத்தில் வேண்டுமென்றே வாய்மூடி நிற்கும். அந்த இடைவெளியில்தான் அதன் உயிர். இரண்டும் வேகமாகப் பாடப்படுகின்றன என்பதற்காக இரண்டும் ஒன்று என்பவர், வேகமாக ஓடுவதால் குதிரையும் மோட்டார் சைக்கிளும் ஒன்று என்பார். பெருமைக்காகச் சொல்லப்படும் இந்த ஒப்புமை உண்மையில் இரண்டு கலைகளையும் அவமதிக்கிறது.

தமிழில் ராப் எழுதுவதன் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தமிழாசிரியர்கள் அல்லவா முதலில் கண்டிருக்கவேண்டும்? ஆங்கில ராப் பாட்டு அடியின் இறுதியில் ஒலி இயைவதை நம்பி வளர்ந்தது. தமிழிலோ இயைபு மலிவு. நம் வினைமுற்றுகள் எல்லாம் ஒரே வாலோடு பிறந்தவை. வந்தேன், நின்றேன், வென்றேன் என்று எவரும் நாள்முழுதும் அடுக்கலாம். மோசமான தமிழ் ராப் அத்தனையும் இந்த வாலைப் பிடித்துத்தான் தொங்குகிறது. நம் மரபு இதை அறிந்துதான் அடியின் தலையில் எதுகையையும் மோனையையும் வைத்தது. அடுத்து, ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் அழுத்தம் உண்டு. அந்த அழுத்தம் தாளத்தட்டோடு மோதும்போது நடை பிறக்கிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது குறில் நெடிலின் நீளமும் வல்லின ஒற்றும். ‘தட்டு’, ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒற்று விழும் இடத்தில் ஒரு கணம் ஓசை அடைபடுகிறது. அந்தச் சின்ன மௌனத்துக்குள் முழவின் அடியை இறக்கத் தெரிந்தவர் நல்ல ராப் கலைஞர். ‘வல்லவன்’ தொகுப்பின் சிறந்த இடங்களில் இது நடக்கிறது. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாகத் தந்த இலக்கணம் நம்முடையது. விரலைச் சொடுக்கிக் காலத்தை அளந்தவர்களின் வழிவந்தோர் இன்று ‘வரிகளைத் தாருங்கள்’ என்று கேட்கிறார்கள்.

இங்கே எங்கள் ஊர்க்காரரைப் பற்றிப் பேசாமல் போனால் கோழைத்தனம். கோவையைச் சேர்ந்த ஆதியின் ‘ஹிப்ஹாப் தமிழா’ குழு 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பை வெளியிட்டது. இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்-ஹாப் தொகுப்பு என்று அது விளம்பரம் பெற்றது. அதன் பயன் பெரிது. எங்கள் வகுப்பறைகளின் கடைசி பெஞ்சுகளில் குறிப்பேட்டின் பின்பக்கம் தமிழில் பாட்டு எழுதும் பழக்கம் அதன் பிறகுதான் பரவியது. இதை மறைப்பது நன்றிகெட்டதனம். ஆனால் தொகுப்பாகக் கேட்டால் எங்களுக்குக் குறை உண்டு. தமிழ் அதில் பாடுபொருளாக இருக்கிறது; பேசும் நாக்காக இல்லை. தமிழின் பெருமை சொல்லப்படுகிறது, ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டால் விடையில்லை. ஒலி துடைத்து வைத்த கண்ணாடி போன்றது. மனநிலை மேடைப் பேச்சாளருடையது. அதற்கு முன்பே இணையத்தில் பரவிப் புகழ் தந்த ‘கிளப்புல மப்புல’ பாட்டிலும் பெண்களுக்குப் புத்தி சொல்லும் பெரிய மனிதரின் குரல்தான் கேட்டது. தெருவிலிருந்து வரும் இசை தெருவைப் பார்த்து உபதேசம் செய்யத் தொடங்கினால், தெரு எங்கே போய் நிற்கும்? 2015க்குள் குழு திரையிசைக்கு வந்துவிட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழில் சினிமாவுக்கு வெளியே இருப்பவையெல்லாம் தலைமறைவுக் கலைதான். தலைமறைவாக இருப்பவர்களுக்கும் பசிக்கும்.

எங்கள் ஆதங்கம் வேறு. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைப் பேச்சைத் தாளத்தில் ஏற்றியது. அதில் தேனி குஞ்சரம்மாளின் குரலும் இருந்தது. 2018இல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் ராப்போடு சேர்த்தது. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் ‘தெருக்குறள்’ தொகுப்பைத் தந்தார்கள். வடதமிழகத்து நிலத்துக்கு அதன் பறை கிடைத்துவிட்டது. கொங்கு நாட்டுக்கு?

பேச்சில்லாத குறையா? 1942இலேயே ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலில் இந்த மண்ணின் பேச்சை அச்சேற்றினார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியே தொகுத்துத் தந்திருக்கிறார். ஆனால் சினிமாவில் கொங்குத் தமிழ் என்றால் சிரிப்பு, அல்லது பண்ணையார் வீட்டுப் பணிவு. இரண்டுக்கும் அப்பால் அதில் ஓர் ஆயுதம் இருக்கிறது. ‘ங்க’ என்ற அந்த விகுதி. ‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’, ‘அதெப்படீங்க’ என்று ஒவ்வொரு வாக்கியமும் அழுத்தமில்லாத ஒரு மெல்லின அதிர்வில் சாய்ந்து முடிகிறது. தாளக்காரனுக்கு இது கைக்கு எட்டிய கனி. தட்டு விழுந்தபின் அரைநொடி தொங்கும் வால். அதைவிட முக்கியமானது அதன் மனநிலை. மரியாதை குறையாமல் ஒருவரைக் கிழித்துத் தொங்கவிடுவது கொங்கு நாட்டார் அறிந்த கலை. ராப் கலைக்கு வேண்டிய சினத்தை இங்கே ‘ங்க’ போட்டே சொல்லலாம். எங்கள் மாணவர்கள் கைபேசியில் பதிந்து காட்டும் பாட்டுகளில் இது வருவதில்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் காரமடைப் பையனும் கவுந்தப்பாடிப் பையனும் சென்னைக்காரர்களாக மாறிவிடுகிறார்கள். தம் நாக்கு கலைக்கு ஆகாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? விடைத்தாளில் ‘பேச்சு வழக்கு’ என்று சிவப்பு மையால் சுழித்த கை எது?

நிலத்தின் ஒலிக்கும் இங்கே பஞ்சமில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓடும் தெருவில் இரவு ஒருமுறை நடந்து பாருங்கள். ஒவ்வொரு கூடத்திலும் ஒரு லயம். பக்கத்துக் கூடத்தில் அதற்குச் சற்றே விலகிய இன்னொன்று. தெருமுனையில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து, மறுபடி விலகும். கூலிப் பிரச்சினையில் தறிகள் நின்றுபோகும் நாட்களில் ஊரில் படியும் அமைதி அதைவிடப் பெரிய ஒலி. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வாசலில் ஒடியாவிலும் போஜ்புரியிலும் கைபேசிப் பாட்டுகள். பறையடிப்பவர் யார், கும்மியடிப்பவர் யார், இரண்டையும் எட்டி நின்று பார்ப்பவர் யார் என்ற ஊரறிந்த பிரிவினை. காந்திபுரத்திலிருந்து உக்கடம்வரை இருக்கையையே அதிரவைக்கும் தனியார் பேருந்துகளின் ஒலிபெருக்கிகள். ‘மடை திறந்து’ பாட்டின் அடித்தாளத்தை இந்த ஊரில் பலர் முதலில் முதுகுத்தண்டில் கேட்டது அவற்றில்தான். நிலம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, பறை இருக்கிறது. சேர்த்துக் கேட்கும் காதைத்தான் நாம் வளர்க்கவில்லை.

ஒலியை ஆய்வில் இணைக்க விதியில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1965இல் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர், அண்ணன்மார் கதையை உடுக்கையோடு பாடிய கலைஞரை இரவிரவாக ஒலிநாடாவில் பதிந்தார். அதே கலைஞர் அக்கதையை எழுதிக்கொள்வதற்காகச் சொல்லவும் செய்தார். பாடிய கதையும் சொல்லி எழுதிய கதையும் ஒன்றல்ல என்பதைப் பெக் தம் நூலில் ஒப்பிட்டுக் காட்டினார்; அந்நூல் 1982இல் வெளிவந்தது. நம் துறைகளில் நாட்டாரியல் தாளில் அதைப் பாடமாகவே சொல்கிறோம். உடுக்கையடி ஓய்ந்தால் கதை மாறிவிடும் என்று காலையில் கற்பித்துவிட்டு, மாலையில் ராப் பாட்டை ஆய வந்த மாணவரிடம் தட்டச்சுப் பிரதி கேட்கிறோம். உடுக்கைக்கு ஒரு நியாயம், சாம்பிளருக்கு வேறொரு நியாயமா? பாடியவர் இறந்து, ஊர் மறந்து, நாடா மட்டும் மிஞ்சினால்தான் ஒலி ஆய்வுப்பொருள் ஆகுமா?

வரும் பாடத்திட்டக் கூட்டத்தில் நாங்கள் வைக்கவிருக்கும் கோரிக்கை எளியது. முதுகலையில் ஒரு விருப்பத்தாள். அதில் அண்ணன்மார் கதையின் ஒலிப்பதிவு, திருப்புகழ், காவடிச்சிந்து, ‘வல்லவன்’, ‘தெருக்குறள்’. ஆய்வேட்டோடு ஒலிக்கோப்பை ஏற்கும் ஒருவரி விதித்திருத்தம். தேர்வில் ஒரு வினாவேனும் காதால் விடையளிக்க வேண்டியதாக இருக்கவேண்டும். எதிர்ப்பு வரும், அதில் ஒன்றைக்கூட நாங்கள் புதிதாகக் கேட்கப்போவதில்லை. செலவு என்று பார்த்தால் ஓரளவு நல்ல ஒலிபெருக்கி இரண்டு வேண்டும். துறையில் இப்போது இருப்பது முத்தமிழ் விழாவுக்கு வாங்கியது. வாழ்த்துரை நன்றாகக் கேட்கும், அடித்தாளம் கேட்காது.